மட்டியைத் தேடி வந்த மழை

கோடையில் அணையின் மேல்தண்ணீர் சூடேறி, மூடி போட்டதுபோல் மிதந்தது. அடியில் குளிர்ந்து கிடந்த தண்ணீரில் மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டே வந்தது. சேற்றில் கிடந்த மட்டிச் சிப்பி திணறியது.

"மேலே வந்துவிடேன், அக்கா!" என்றது எட்டிப் பார்த்த கெண்டை.

"எனக்கென்ன துடுப்பா முளைத்திருக்கிறது?"

அன்று மலையில் பெருமழை கொட்டியது. செந்நிற வெள்ளம் அணைக்குள் பாய்ந்தது.

"மழைத்தண்ணீர் மேலேயே பரவிப் போய்விடும். நமக்கு எங்கே எட்டப்போகிறது?" என்று மட்டி ஓட்டை மூடிக்கொண்டது.

ஆனால் வெள்ளம் குளிர்ந்து, மண் சுமந்து கனத்திருந்தது. சூடான தண்ணீருக்கு அடியில் நுழைந்து, பள்ளம் தேடி இறங்கி, அங்கே தேங்கிக் கிடந்த தண்ணீரை அப்படியே மேலே தூக்கியது.

ஓட்டில் சில்லென்று பட்டது. மட்டி மெல்லத் திறந்தது. புதுத்தண்ணீரோடு மூச்சும் வந்தது.

"அக்கா, ஒரே கலங்கல்! உயிரோடு இருக்கிறாயா?" என்று மேலிருந்து கெண்டை கத்தியது.

"சத்தம் போடாதே," என்றது மட்டி. "மலையே இறங்கி என்னைப் பார்க்க வந்திருக்கிறது."