முப்பதாந் திகதிக்குள்

"முப்பதாந் திகதிக்குள்ள வீட்டை விட்டிரோணும்" என்றார் வினாயகமூர்த்தி.

ஆச்சிப்பிள்ளை அவர் குடியிருக்கும் வீட்டு வாசலில் நின்று சேலைத் தலைப்பைப் பிசைந்தாள். கரடியனாற்றில் ஷெல் விழுந்து புருசனும் வீடும் ஒரே நாளில் போக, மூன்று பிள்ளைகளோடு மட்டக்களப்பு டவுனுக்கு ஓடி வந்தவள். வினாயகமூர்த்தியின் இன்னொரு வீடான வாவிக்கரை வீட்டில் ஆறு மாதமாகக் குடியிருக்கிறாள். இடியப்பம் அவித்து விற்று, மாதம் நாலாயிரம் தவறாமல் கொடுக்கிறாள்.

"இன்னும் மூணு மாசம் தாங்க ஐயா. பிள்ளையள்ர சோதினை முடியட்டும்."

"இஞ்ச பார் புள்ள. இது தரும மடமில்ல, முதலீடு."

வினாயகமூர்த்திக்கு அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை. ஆனால் முதலீட்டைப் பற்றி ஊருக்கு விளக்குவதுதான் அவருடைய உண்மையான உத்தியோகம். சமாதானக் காலத்தில் அந்த வாவிக்கரை வீட்டை வங்கிக் கடனில் மலிவாக வாங்கினார். அன்றிலிருந்து வாயில் வேறு பேச்சே இல்லை.

"வீடெண்டா மனசால பார்க்கப்படாது, கல்குலேட்டரால பார்க்கோணும். பேங்குக்கு மாதம் ஏழாயிரத்து இருநூறு கட்டுறன். நீ தாறது நாலாயிரம். மிச்சம் ஆர்ர காசு? என்ர காசு. அப்ப நீ என்ர காசுல ஓசியா இரிக்காய். விளங்குதா?"

தான் ஆறு மாதமாக ஓசியில் இருந்த விஷயம் ஆச்சிப்பிள்ளைக்கு அன்றுதான் தெரிந்தது. தலை குனிந்துகொண்டாள்.

மனைவி சீதேவிப்பிள்ளை தேத்தண்ணியோடு வந்தாள். ஆச்சிப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பெண்ணுக்காவது இரக்கம் வராதா?

வரவில்லை. கோப்பையை வைத்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கி நின்றாள் சீதேவிப்பிள்ளை. இருபத்திரண்டு வருடமாகத் திறக்காத வாய்.

படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது. காத்தான்குடி முனாப் இறங்கி வந்தான். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு வீடு பார்த்துக் கொடுப்பவன். இடம்பெயர்ந்த மக்களுக்கு இருக்க இடம் தேடிக் கொடுக்கும் நிறுவனம் அது. அதன் அலுவலர்கள் இருந்து வேலை பார்க்க, கந்தோராக ஒரு வீடு வேண்டும். அதற்காகத்தான் இடம்பெயர்ந்த ஆச்சிப்பிள்ளை எழும்ப வேண்டும்.

"மாதம் இருவத்தையாயிரம் சேர். ஒரு வருசக் காசு முற்பணம். அக்ரிமெண்ட் கொண்டந்திரிக்கன்."

வினாயகமூர்த்தியின் முகம் மலர்ந்தது. "பாத்தியா முனாப், ஓசியில இரிக்கிற ஆளை முதல்ல எழுப்போணும். முதலீட்டுல அதுதான் முதல் பாடம்" என்று சொல்லிப் பேனையைத் திறந்தார்.

"சேர், வீட்டு உறுதிப் பத்திரம் அக்காட பேர்லயெல்லோ இரிக்கி? அவதான் ஒப்பம் வெக்கோணும்."

"அது சும்மா ஒரு பேருக்கு" என்று சிரித்தார் அவர்.

பேருக்குத்தான். இந்தப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுக்கு; மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். வினாயகமூர்த்தியும் களுதாவளையிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்து, சீதேவிப்பிள்ளையின் சீதனமான இந்த வீட்டில் ஏறியவர்தான். வங்கிக்கு ஈடு வைத்ததும் இந்தச் சீதன வீட்டைத்தான். அதனால், புதிதாக வாங்கிய வீட்டின் உறுதியையும் அவள் பெயரிலேயே எழுதச் சொல்லிவிட்டார் மாமனார். இதெல்லாம் கல்குலேட்டரில் வராத விஷயங்கள்.

"இந்தா, இதுல ஒரு ஒப்பத்தை வை."

சீதேவிப்பிள்ளை பேனையை வாங்கினாள். மூடி, மேசையில் வைத்தாள்.

"அந்த வீட்டுல ஆள் இரிக்கி தம்பி. மாதம் பிறந்தா வாடகை தாற ஆள்" என்றாள் முனாப்பிடம். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். "ஆச்சிப்பிள்ள, நீ போய் மாவைக் குழை. ஒருத்தரும் உன்னை எழுப்பமாட்டாங்க."

வினாயகமூர்த்திக்குத் தேத்தண்ணி புரையேறியது. "என்னகா விளையாடுறாய்? இருவத்தையாயிரம்!"

"ஓம், நல்ல காசுதான். விட எனக்கும் மனமில்ல." அவள் முனாப்பைப் பார்த்தாள். "தம்பி, உங்கட கந்தோருக்கு இந்த வீடு சரிவருமா? நாலு அறை. கிணத்துல நல்ல தண்ணி. இதும் என்ர பேர்லதான்."

முனாப் தயங்கினான். "இதுல நீங்க குடியிரிக்கீங்களே அக்கா?"

"நான் ஆச்சிப்பிள்ளையோட போய் இரிப்பன். மத்தப்படி இஞ்ச ஒரு ஆள்தான், இருவத்திரெண்டு வருசமா ஒரு சதம் வாடகை தராம ஓசியா இரிக்கார். முப்பதாந் திகதிக்குள்ள எழுப்பித் தாறன்."