மதகுச் சாவி

ஏரி தளும்புகிறது, கரை உடையுமுன் மதகைத் திறந்து தண்ணீரை ஓடைக்கு விடவேண்டும் என்று முதலில் சொன்னவன் பங்காளி செங்கோடன். அதனாலேயே ஊர்த்தலைவர் நஞ்சப்பன் முடியாது என்றார். இப்போது கரைமேல் நின்றவருக்கு உள்ளங்காலுக்கடியில் மண் அதிர்வது தெரிந்தது. கரைக்குக் கீழே, மழைவெள்ளம் சூழ்ந்த தெருவில், அவர் மகள் கைக்குழந்தையோடு சிக்கியிருந்தாள்.

"பயமா இருக்குதுப்பா, தொறந்து வுட்ருங்க" என்று போனில் அழுதாள்.

மடியிலிருந்து மதகின் ஒரே சாவியை எடுத்தார். கூட்டத்தில் நின்ற செங்கோடன், "அப்பாடா, வழிக்கு வந்தாரு" என்று பெருமூச்சு விட்டான்.

நஞ்சப்பனுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. "நானாடா வழிக்கு வரணும்?"

சாவி ஏரியின் நடுவில் போய் விழுந்தது.

போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"தொறந்துட்டீங்களாப்பா?" என்றாள் மகள்.