டி-யில் தொடங்கும் ஐந்தெழுத்து

“‘டவல்’ அஞ்செழுத்துதானே, சிஸ்டர்?”

“அஞ்சுதான். ஆனா அது துண்டு.”

“‘டேபிள்’?”

“அது மேசை, பாபா ட்ரஸ்ட்.”

டைகர் கும்போ எச்சில் தொட்டு அகராதியின் தாளைப் புரட்டினான். குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை தேடுகிறவனின் முனைப்பு அவன் நெற்றியில் தெரிந்தது. ஆங்கிலச் சொல்லாக இருக்க வேண்டும், ஐந்தே எழுத்து, முதலெழுத்து டி.

போட்டி ஏதுமில்லை. ஜிம்பாப்வேயின் மஸ்விங்கோ நகரத்து மருத்துவமனையில் பிறப்புகளைப் பதியும் மேசை அது. வாடகை வேன் ஓட்டும் டைகருக்கு ஐந்தாவது மகள் பிறந்திருந்தாள்.

“வேற எழுத்துல வைங்களேன்,” என்றாள் எழுத்தர் ருட்டெண்டோ. “‘கிரேஸ்’னு வச்சா எவ்வளவு அழகா இருக்கும்!”

“எங்க தாத்தா டவர். எங்கப்பா டைட். நான் டைகர். நடுவுல கிரேஸுக்கு என்ன வேலை?”

மூத்தவளுக்கு ‘ட்ரஸ்ட்’ என்று பெயர் வைத்தான்: நம்பிக்கை. அடுத்தவள் ‘ட்ரூத்’: உண்மை. ஆண்பிள்ளை வராத ஆத்திரத்தில் மூன்றாமவள் ‘ட்ரயல்’ ஆனாள்: சோதனை. நான்காமவளோ ‘டியர்ஸ்’: கண்ணீர்! வாய் திறவாத குழந்தைகளின் நெற்றியில் ஓர் ஆண்மகன் தன் ஏமாற்றத்தை எழுதி ஒட்டிக்கொண்டே வந்தான். அந்த நான்கு பெயர்களையும் பதிவு செய்தது ருட்டெண்டோவின் கை.

தகப்பன் சொல்வதை எழுத வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் அதிகாரம். ‘டியர்ஸ்’ என்று எழுதிய அன்று பேனாவை உடைத்தெறியத் தோன்றியது. உடைத்தால் என்ன ஆகும்? வேறொரு பேனா வரும். எழுதிவிட்டாள்.

“பள்ளிக்கூடத்துல டியர்ஸை எப்படிக் கூப்பிடுறாங்க தெரியுமா? அழுமூஞ்சின்னு.”

“அன்னிக்கு அழுதது நான், சிஸ்டர். பேரைத்தான் அவளுக்குக் குடுத்தேன்.”

வார்டின் கதவு திறந்தது. குழந்தையோடு தாய் வந்தாள். தலைமகளின் பெயரைச் சேர்த்து அவனை ‘பாபா ட்ரஸ்ட்’, ட்ரஸ்டின் அப்பா என்றும், அவளை ‘மாய் ட்ரஸ்ட்’, ட்ரஸ்டின் அம்மா என்றும் ஊர் அழைத்தது. பெற்றோர் அவளுக்கு இட்ட பெயர் பதிவேட்டில் மட்டும்தான் பிழைத்திருந்தது.

நேற்று மாலை வராந்தாவில் நிமிர்ந்து நடந்தவள், இன்று அடிவயிற்றில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தாள். இதுவும் பெண்ணாகிவிட்ட துயரம் முதுகை வளைத்துவிட்டது என்று ருட்டெண்டோ எண்ணினாள்.

“என்ன, கல்யாண ஊர்வலமா? சீக்கிரம் வா. வேன்ல ஆளுங்க ஏறி உக்காந்துட்டு என்னைத் திட்டிக்கிட்டிருக்காங்க.”

ருட்டெண்டோவால் அடக்க முடியவில்லை. “டாக்டர் உங்ககிட்ட சொன்னாரில்ல? இந்தத் தடவை ரத்தம் ஏத்தித்தான் இவங்க பொழச்சாங்க. இன்னொரு பிரசவம்னா உயிருக்கே உத்தரவாதம் இல்லைன்னு...”

“டாக்டருக்கு என்ன, சொல்லுவாரு. எங்கம்மா பத்து பெத்துட்டு மக்காச்சோளக் காட்டுல களை எடுத்தா.” டைகர் சிரித்தான். “பையனுக்கு ‘டைட்டன்’னு பேரு எடுத்து வச்சிருக்கேன், சிஸ்டர். அவன் வர்ற வரைக்கும் ஓய மாட்டேன். இவளுக்குப் பரிசமா இவ அப்பன் வீட்டுக்கு மாடு ஓட்டிவிட்டது சும்மாவா?”

மாய் ட்ரஸ்ட் பெஞ்சில் மெல்ல அமர்ந்து, பிஞ்சின் போர்வையைச் சரிசெய்தாள்.

‘பேசு! ஒரு சொல்லாவது பேசு!’ என்று ருட்டெண்டோவின் நெஞ்சு கதறியது. அடுத்த ஆண்டு இதே மேசைக்கு யார் வருவார்கள்? கைக்குழந்தையோடு இவளா? இவளுடைய இறப்பைப் பதிய அவன் மட்டுமா?

“‘டயர்ட்’. இது அஞ்சுதான்,” என்றான் டைகர். “களைப்பு. தேடித்தேடி எனக்கும் களைச்சுத்தான் போச்சு.”

“‘டோட்டல்’னு வைங்க.”

மாய் ட்ரஸ்ட்தான் சொன்னாள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ருட்டெண்டோ விரல்விட்டு எண்ணினாள். ஐந்தெழுத்து, முதலெழுத்து டி.

“டோட்டல்!” டைகர் அதை நாக்கில் உருட்டிப் பார்த்தான். “முழுசு. நிறைவு. பரவால்லையே, என்கூட இருந்து இருந்து உனக்கும் மூளை வந்துடுச்சு! எழுதுங்க, சிஸ்டர்.”

ருட்டெண்டோ எழுதினாள், நெஞ்சு கசந்தது. இத்தனை நாளும் வாய் மூடி நின்றவள், வாய் திறந்ததும் அவன் வகுத்த விதிக்குள் அடங்கும் ஒரு சொல்லைத்தானா தேடித் தந்தாள்? பூட்டுகிறவன் களைத்துப்போனால் தன் விலங்கைத் தானே எடுத்துப் பூட்டிக்கொள்வதா? இதைவிடப் பெரிய தோல்வி ஒரு பெண்ணுக்கு உண்டா?

டைகர் கையெழுத்திட்டான். அகராதியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“வர்றோம், சிஸ்டர். அடுத்த வருஷமும் உங்க கையாலதான் எழுதணும்.”

மாய் ட்ரஸ்ட் எழுந்தாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, திருமணமான நாளிலிருந்து நிமிர்ந்து பார்க்காத கணவனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“டோட்டல்னா கூட்டுத்தொகை, பாபா ட்ரஸ்ட். அதுக்குக் கீழ யாரும் எதுவும் எழுத மாட்டாங்க.”

“என்ன உளர்ற?”

“காலையில கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்.”