வித்தியாவின் வேகப்பந்து

த்ரீ கிங்ஸ் மைதானத்தில் பேஸ்பால் ஆட்டத்தின் கடைசிச் சுற்று. ஓட்டங்கள் சமம், மூன்று தளங்களிலும் எதிரணியினர். இப்போது பந்து மட்டையாளரின் உடம்பில் பட்டாலே எல்லாரும் ஒரு தளம் முன்னேறி, எதிரணி வென்றுவிடும். எறியப்போகும் வித்தியாவின் நகம் பிளந்து, பந்தின் சிவப்புத் தையல் இன்னும் சிவக்கிறது. "போடுடி, பயமா?" என்று மட்டையை ஆட்டிச் சிரிக்கிறாள் அஞ்சனா. "நெஞ்சுக்குப் போடு பிள்ளை!" வேலிக்கு அப்பால் கத்துகிறார் கிரிக்கெட் மட்டுமே தெரிந்த அப்பா. அஞ்சனாவை மிரட்டிப் பின்வாங்கவைக்க, அவள் உடம்பை ஒட்டி எறிகிறாள் வித்தியா. அஞ்சனா அசையவில்லை. பல் உடையும் சத்தம் வேலிவரை கேட்கிறது. மண்டியிட்டவள் பல்லைத் துப்பிவிட்டு எழுந்து, ரத்தம் வழியச் சிரித்தபடி முதல் தளத்துக்கு நடக்கிறாள். வெற்றி ஓட்டம் உள்ளே வருகிறது. வித்தியா முழங்காலில் சரிகிறாள். அப்பா கைதட்டுகிறார். "அப்பிடித்தான் பிள்ளை! இன்னொண்டு போடு!"