மலைக்காரனுக்கு ஏழு தையல்

புதன்கிழமையானால் புருஷன் காரை எடுத்துக்கொண்டு காணாமல் போகிறான் என்று மகள் போனில் சொன்னதிலிருந்து கொல்தோவுக்கு மனசு ஆறவில்லை.

இசாரோவுக்கு ஏழாவது மாதம். மாப்பிள்ளை ஓயெர் மலையில் மீட்புக் குழுவில் இருந்தான். பனிச்சறுக்கில் விழுந்து கை கால் ஒடித்துக்கொள்கிறவர்களைச் சறுக்குக் கட்டிலில் கட்டிக் கீழே கொண்டுவருகிற வேலை. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. திங்களாக இருந்ததை அவனே கேட்டுப் புதனுக்கு மாற்றிக்கொண்டானாம். விடியுமுன் கிளம்பிச் சாயங்காலம்தான் வருகிறானாம். எங்கே என்று கேட்டால், சும்மா ஒரு சுற்று என்கிறானாம்.

கொல்தோவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நாலு வருஷத்துக்கு முன் கல்யாண விருந்திலேயே அவனை எடை போட்டுவிட்டார். சராவுட்ஸ் கடற்கரையில் உட்கார்ந்து, கொல்தோ சுட்டுப் போட்ட மீனைத் தின்றுகொண்டே, அலைச்சறுக்கைவிடப் பனிச்சறுக்கில்தான் சுகம் என்று சொன்னவன் அவன். ஆறு வயசிலிருந்து அலையில் வளர்ந்த பெண்ணை மலைக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான். அந்தப் பேச்சை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

அன்றைக்கும் மகள், கடலில் துணைக்கு யார் என்ற வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள். போன வருஷம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், இனிமேல் தனியாகக் கடலில் இறங்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

"ஃபெர்மின் கூடவேதான் இருக்கான். நீ என்னைப் பத்தி யோசிக்காம உன் வீட்டுக்காரனைக் கவனி" என்றார் கொல்தோ. ஃபெர்மின் அவரோடு கடலில் இறங்கும் பழைய கூட்டாளி.

மறுநாள் விடிந்ததும் பலகையோடு இறங்கினார். தண்ணீரில் அவரைத் தவிர வேறு ஒருவன்தான் இருந்தான். சில வாரங்களாகவே அவர் பார்க்கிற ஆள். குளிருக்கு ரப்பர் உடை, கையுறை, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற தலைமூடி. சுத்தக் கற்றுக்குட்டி. ஆனால் கொல்தோ எங்கே போய் அலைக்குக் காத்திருந்தாலும் கொஞ்சம் தள்ளி வந்து உட்கார்ந்துவிடுவான்.

"யோவ், இத்தனாம்பெரிய கடல் கிடக்கு. என் மடியிலதான் வந்து உக்காரணுமா?"

திட்டினால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையைத் தூக்குவான். நகர மாட்டான்.

அன்று அவனும் ஒரு அலையை முயன்றான். பாரத்தையெல்லாம் முன்காலில் வைத்ததால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தியது. விழும்போது இரண்டு கையையும் முஷ்டியாக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தலையைக் கையால் மறைக்காமல் அப்படியே மேலே வந்தான். காலில் கட்டிய கயிறு பலகையைச் சுண்டி இழுக்க, அது நேராக வந்து அவன் நெற்றியில் இறங்கியது.

கொல்தோ வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவனைக் கரைக்கு இழுத்து வந்தார். மணலில் போட்டுத் தலைமூடியைக் கழற்றினார்.

ஓயெர்.

மருத்துவமனையில் ஏழு தையல் போட்டார்கள். அதன் பிறகு தன் வீட்டுச் சமையலறையில் உட்காரவைத்து, ஒரு கிண்ணம் மீன் சூப்பை முன்னால் வைத்துவிட்டு, நாலு வருஷத்து ஆத்திரத்தையும் சேர்த்துக் கொட்டினார் கொல்தோ. பிள்ளைத்தாச்சியை மலையில் விட்டுவிட்டு இங்கே விளையாட வந்திருக்கிறான். அதையும் ஒழுங்காகச் செய்கிறானா? நாற்பது வருஷத்தில் கடல் தனக்குக் கொடுத்தது காதில் ஓட்டை, தேய்ந்த தோள், பலகையின் அடித்துடுப்பு கிழித்த தொடை. ஆனால் நெற்றியில் ஒரு கீறல் உண்டா? எவனாவது கையை மடக்கிக்கொண்டு விழுவானா?

பனியில் கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும், அதனால் முஷ்டியோடு விழத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்போம், அந்தப் பழக்கம் தானாக வந்துவிட்டது என்றான் ஓயெர்.

"கடல்ல கையால தலையை மூடணும். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"சரி மாமா."

அந்தப் பணிவு கொல்தோவுக்கு இதமாக இருந்தது. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தக் கேள்வியைக் கேட்க அவர் நாலு வருஷமாகக் காத்திருந்தார்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லு. சுகம் எதுல? பனியிலயா, கடல்லயா?"

"பனியிலதான் மாமா. எனக்குக் கடல் பிடிக்கவே இல்லை. உப்புத் தண்ணி மூக்குல ஏறினா நாள் பூரா தலைவலி."

கொல்தோவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அப்புறம் என்ன இழவுக்குய்யா ரெண்டரை மணி நேரம் ஓட்டிக்கிட்டு வர்றே?"

ஓயெர் கரண்டியைக் கீழே வைத்தான்.

"மசக்கைல இசாரோ கறுப்பு மொச்சை கேட்டா. ஒரு புதன்கிழமை லீவு போட்டு ஒர்திசியா சந்தைக்கு வந்தேன். கடை போட்டு வித்துக்கிட்டு இருந்தது ஃபெர்மின். எல்லாப் புதனும் அங்கதான்னு சொன்னார்."

கொல்தோ மேஜையைப் பார்த்தார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா அவ எப்படித் தூங்குவா?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா விரட்டியிருப்பீங்க. சொல்லாமலே விரட்டினீங்க."

கொல்தோ சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. எழுந்து, அவன் கேட்காமலே இன்னும் ரெண்டு கரண்டி சூப் ஊற்றினார். மேஜையில் கொஞ்சம் சிந்தியது.

ஓயெர் அதைத் துணியால் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"பனியில விழுந்தவன் நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் விழுந்த இடத்துலயே கிடப்பான் மாமா. கடல்ல அப்படிக் கிடக்க முடியாதே. முன்னாடியே வந்து பக்கத்துல உக்காந்திருக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலை."