எடுக்கக் கூடாத அழைப்பு

காட்டுக்குள் நட்டிருந்த பேசும் கம்பங்களைத் தும்பிக்கையால் அழுத்தி யானைகள் அழைக்கத் தொடங்கியபிறகு, அந்த வன அலுவலகத்தில் போன் ஓய்வதேயில்லை. குட்டை வற்றினாலும் வேலி அறுந்தாலும் கூப்பிட்டன. அவை சொல்வது திரையில் தமிழில் வரும். ஸ்டெல்லா உடனே ஆள் அனுப்புவாள். பக்கத்து மேசை எபனேசர் மட்டும் சில அழைப்புகளை எடுக்கவே மாட்டார்.

அன்றும் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்டெல்லா பொறுமையிழந்தாள்.

"குட்டி ஏதாவது பள்ளத்துல விழுந்து கிடந்தா என்னண்ணே பண்ணுவீங்க?" என்று போனை எடுக்கப் போனாள்.

அவர் தடுத்தார். "எடுத்துடாதம்மா. ஆபத்து, உதவின்னா சிவப்பு விளக்கு எரியும். இது நமக்கு வந்ததில்ல. நாம எடுக்காட்டி அடுத்த மலைக் கம்பத்துக்குப் போயிடும். அதை அதுங்களே கண்டுபிடிச்சிருக்கு."

மணி நின்றதும் ஒலிபெருக்கியைத் திறந்தார். ஆழமான உறுமல் ஒன்று மேசையை அதிரவைத்தது. திரையில் ஒரே வரி வந்தது: "அக்கா, குட்டி பிறந்திருக்கு."

நெடுஞ்சாலை போட்டபோது அடுத்த மலைப் பக்கம் பிரிந்துபோன யானைக் கூட்டம் மொத்தமாகப் பதில் குரல் கொடுத்தது.

ஸ்டெல்லாவுக்கு மெய்சிலிர்த்தது. "எவ்வளவு நேரம் பேசும்ணே?"

"அதுங்களா வைக்கிற வரைக்கும்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.