வெறும் தொட்டில்

"பூட்டை நீங்க திறக்கறீங்களா, இல்ல நான் திறக்கட்டுமா?"

சபினா கேட்டது அருங்காட்சியகத்தின் இயக்குநரிடம். கேட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பாவாடையைப் பரப்பிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்குள் பாலன் மனுவேல், குழந்தைச் சாமியின் சிலை. நிஜத் தலைமுடி, திறந்த வாய்க்குள் மின்னும் கண்ணாடித் துண்டு, முள் குத்திய பாதத்தைத் தூக்கிப் பார்க்கிற பாவனை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கூஸ்கோ நகரத்தில் எந்தப் பாலனும் வீட்டில் இருப்பதில்லை. புதுச் சட்டை போட்டுத் துணியில் பொதிந்து, பூசை கேட்கக் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். மேட்டுத் தெருக்காரர்கள் மட்டும் வெறும் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நிலநடுக்கத்தில் அவர்களுடைய சின்னக் கோயிலின் கூரை விழுந்தபோது, கூரை போடும்வரை பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று அருங்காட்சியகத்தார் பாலனை வாங்கிப் போனார்கள். கூரை போட்டு, அந்த ஓட்டில் பாசியும் பிடித்துவிட்டது. பாலன்தான் திரும்பி வரவில்லை.

வருஷா வருஷம் திருவிழாப் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ, அவள் வந்து கேட்பாள், சண்டை போடுவாள், வெறுங்கையோடு திரும்புவாள். இந்த வருஷம் சபினா. சந்தையில் பழச்சாறு விற்கிறவள். தொண்டைக்குக் கேட்கவா வேண்டும்?

அவளுக்கு இது தெருப் பிரச்சினை மட்டுமில்லை. அந்தத் தெருவுக்கு வாழ வந்தவள் அவள். போன கிறிஸ்துமஸுக்குத் தொட்டிலுக்குப் பின்னால் நடந்தபோது, கீழ்த்தெருப் பெண் ஒருத்தி, "உங்க புள்ளைக்கு இன்னும் ஜாமீன் கிடைக்கலையா?" என்று கேட்டுச் சிரித்தாள். கூட இருந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். சபினாவுக்கு மட்டும் அன்று சோறு இறங்கவில்லை. இனி வெறும் தொட்டிலுக்குப் பின்னால் ஒரு அடிகூட நடப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

காலையில் கிளம்பும்போது, பொறுப்பு பார்த்து முடித்தவர்களில் மூத்தவளான காசிமிரா அவள் நெற்றியில் சிலுவை போட்டு, "நல்லா கத்து. பேப்பர்காரன் காதுல விழற மாதிரி கத்து. இருட்டறதுக்குள்ள வந்துடு" என்று அனுப்பி வைத்தாள்.

இயக்குநர் அரியாஸ் இந்த வருஷம்தான் பதவிக்கு வந்தவர், மரியாதைக்காரர். "அம்மா, இது இப்ப தேசத்தோட சொத்து" என்றார் பொறுமையாக.

"தேசமா இவருக்குச் சட்டை தைச்சுது?"

அவர் ஈரப்பதம் பற்றிச் சொன்னார், சட்டம் பற்றிச் சொன்னார், மெழுகுவத்திப் புகை பட்டால் வண்ணம் போய்விடும் என்றார்.

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து புகையிலதான் வளர்ந்தாரு. ஒரு தும்மல்கூடப் போட்டதில்ல."

பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் சிலைகளை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்றார்கள். மூடும் நேரம் வந்தது. காவலாளிகள் இரண்டு பேர் பக்கத்தில் வந்ததும், சபினா பெட்டியின் காலைக் கட்டிக்கொண்டாள். தன்னைத் தூக்குவதானால் பெட்டியோடு சேர்த்துத் தூக்கச் சொன்னாள். காவலாளிகள் இயக்குநர் முகத்தைப் பார்த்தார்கள்.

"அவர் பூசைக்கு வர முடியாதுன்னா, திருவிழா இங்க வரும்" என்று சொல்லி, சபினா முற்றத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

அவ்வளவுதான். வெளியே காத்திருந்த மேட்டுத் தெரு பேண்டுக்காரர்கள் எக்காளமும் பெரிய முரசுமாக உள்ளே நுழைந்தார்கள். கல் சுவருக்குள் அந்தச் சத்தம் இடியாக இறங்கியது. கூடத்தில் இருந்த அத்தனை கண்ணாடிப் பெட்டிகளும் கடகடவென்று ஆடின. அரியாஸ் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல வந்து அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பேண்டை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார்.

"எங்கம்மாவும் எங்க வீட்டுப் பாலனைப் பூசைக்குத் தூக்கிட்டுப் போவாங்க. இன்னிக்கு அவங்க இருந்திருந்தா என்னை விளக்குமாத்தால அடிச்சிருப்பாங்க" என்றார். சாவியை எடுத்தார். "எடுத்துட்டுப் போங்க. திருப்பித் தர வேண்டாம். மேலிடத்துல நான் பேசிக்கறேன்."

வாய்ச்சண்டையில் சளைக்காத சபினாவுக்கு அப்போது அழுகைதான் வந்தது.

பாலனைச் சால்வையில் பொதிந்து, பிள்ளையைக் கட்டுவதுபோல் முதுகில் கட்டிக்கொண்டாள். தூறலில் பேண்டு முழங்க மேடேறினாள். கேலி பேசிய கீழ்த்தெருக்காரி வாசலில் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். சபினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காசிமிராவின் வீட்டில், பொறுப்பு பார்த்து முடித்த பெண்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். சபினா சால்வையை அவிழ்த்துப் பாலனை மேஜையில் வைத்தாள். ஒருத்தியும் கை தட்டவில்லை. ஒருத்தி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காசிமிரா பேண்டுக்காரர்களை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டாள். சபினாவைக் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனாள்.

அங்கே மெழுகுவத்திகளுக்கு நடுவே, புதுச் சட்டையில், முள் குத்திய பாதத்தைத் தூக்கிக்கொண்டு பாலன் மனுவேல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நெஜமானவர் இந்த வீட்டை விட்டுப் போனதே இல்லடி. அவங்க வந்து கேட்டப்ப, என் மாமனார் செதுக்கின நகலைத்தான் குடுத்தோம். அவங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் வருஷத்துக்கு ஒருத்தியை அனுப்பறோம். பொறுப்பு முடிஞ்சதும் அவகிட்ட விஷயத்தைச் சொல்லுவோம்" என்ற காசிமிரா, பெருமூச்சு விட்டாள். "உன்னைச் சண்டை போடத்தானே அனுப்பினோம். ஜெயிச்சுட்டு வரச் சொன்னது யாரு?"